சிறுநீரக நோயாளிக்குக் காஸ்ட்ரின் கூடினால் வயிற்றில் கட்டியா?

கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் கைபேசி வழியே பரவும் ஒரு செய்தி, சிறுநீரகம் பழுதானவரின் இரத்தத்தில் காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் உயர்ந்திருந்தால் வயிற்றில் கட்டி உறுதி என்றும், மூலிகைத் தேநீரை நிறையக் குடித்தால் அந்தக் காஸ்ட்ரின் சிறுநீரோடு வெளியேறிவிடும் என்றும் கூறுகிறது. இரண்டுமே தவறு.

இரைப்பையில் சுரந்து அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரினை இரத்தத்திலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அங்கே வடிகட்டப்படும் ஹார்மோனை நுண்குழல்களின் செல்கள் உள்ளிழுத்து, நொதிகளால் அமினோ அமிலங்களாகச் சிதைத்துவிடுவதால், முழு வடிவில் சிறுநீரில் வருவது மிகக் குறைவே. இச்செல்கள் நலிந்தால், கட்டி எதுவும் இல்லாமலேயே காஸ்ட்ரின் இரத்தத்தில் தேங்கும். காஸ்ட்ரினிலேயே 34 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய வகை, 17 கொண்ட சிறிய வகையைவிட இயல்பாகவே நெடுநேரம் தங்கக்கூடியது. அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மாத்திரைகளும், இரைப்பை அழற்சியும்கூட இந்த அளவை உயர்த்தும். காஸ்ட்ரின் சுரக்கும் கட்டி அரிதானது. அதை ஒரே இரத்தப் பரிசோதனையால் முடிவு செய்ய இயலாது, இரைப்பையின் அமிலத்தன்மையையும் பார்க்க வேண்டும்.

தேநீர் அறிவுரைதான் எனக்குப் பெரும் கவலை தருகிறது. டயாலிசிஸ் செய்துகொள்பவர் அளவு மீறிக் குடிக்கும் நீர் நுரையீரலில் கோத்து, உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், பரிசோதனை முடிவைச் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள்.