இட்டேரிக்குத் தார் வேண்டாமுங்க

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால், எங்கள் ஊர் இட்டேரி முக்கில் ஜேசிபி நிற்கிறது. ஒரு பக்கத்துக் கிளுவை வேலியை நூறு அடி நீளத்துக்கு வழித்துக் குவித்திருந்தார்கள். வேரோடு கிடந்த கிளுவையில் பச்சை இன்னும் வாடவில்லை. பிரண்டையும் கோவைக்கொடியும் அதோடு சேர்ந்து சுருண்டு கிடந்தன. தார் ரோடு வருகிறதாம். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுத்துப் படியுங்கள்.

கொங்குக்கு வெளியே இருப்பவர்களுக்காக: காட்டுக்கும் காட்டுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் உயிர்வேலி வைத்து, ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு விட்ட மண் தடம்தான் இட்டேரி. (காடு என்றால் எங்கள் பக்கம் மானாவாரி நிலம். தண்ணீர் பாய்கிற நிலம் தோட்டம்.) எங்கள் அப்பாரு (தாத்தா) காலத்தில் சந்தைக்குப் போவது, மாடு ஓட்டிப் போவது, பெண்ணைக் கட்டிக் கொடுத்த ஊருக்குச் சீர் கொண்டு போவது எல்லாம் இட்டேரி வழியாகத்தான்.

நான் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தது தார் ரோட்டில். ஒல்லி டயர், பளபளப்பான ஹெல்மெட், காலை ஐந்தரைக்கே ஹைவே. ஒருநாள் என்னோடு சேர்ந்து ஓட்டிய நண்பரை ஒரு வேன் உரசித் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. தோள்பட்டை எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தார். அவர் வீட்டில் போய் உட்கார்ந்து அவர் அம்மா முகத்தைப் பார்த்த அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி லாரி போகிற தடத்தில் பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஓட்டுவதில்லை என்று. டயரை 40 மில்லிமீட்டருக்கு மாற்றினேன். ஒல்லி டயரில் 90 பிஎஸ்ஐ அடித்துக்கொண்டிருந்த காற்றை 35 ஆகக் குறைத்தேன். நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும் ட்யூபைச் சும்மா விடாது என்பதால் ட்யூப்லெஸ், உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கிற சீலன்ட் திரவம். அவ்வளவுதான் செலவு. அதற்கப்புறம் போனதெல்லாம் இட்டேரியும் வாய்க்கால் கரையும்தான்.

இதற்கு உலகத்தில் கிராவல் பைக்கிங் என்று பெயர். கிராவல் நமக்குப் புதுச் சொல்லா? "மழைக்குத் தடம் போச்சு, ரெண்டு லோடு கிராவல் கொட்டுங்க" என்று பஞ்சாயத்தில் கேட்காத ஊர் உண்டா? அந்தக் கிராவல்தான் இது. அமெரிக்காவில் கான்சாஸ் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே 200 மைல் கிராவல் பந்தயம் 2006 முதல் நடக்கிறது. 2022இல் உலக சாம்பியன் போட்டியே வந்துவிட்டது.

ஆனால் எனக்குப் பந்தயம் முக்கியமில்லை. இத்தாலியில் டஸ்கனி என்ற பகுதியில், கியான்டி திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெள்ளை மண் தடங்கள் உண்டு. அவற்றுக்கும் தார் ஏறிக்கொண்டே வந்தது. 1997இல் கையோலே என்ற சிற்றூரில் 92 பேர் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு அந்தத் தடங்களில் ஓட்டினார்கள். இந்த மண் தடம் எங்கள் சொத்து, இதை மூடாதீர்கள் என்று சொல்லத்தான் அந்த ஓட்டம். லெரோயிகா என்று பெயர். இன்றைக்கு அதில் ஓட்ட ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். 2007 முதல் அதே தடங்களில் பெரிய தொழில்முறைப் பந்தயமும் நடக்கிறது, அதன் பெயரே 'வெள்ளைச் சாலைகள்'. புழுதித் தடத்தைத் தங்கள் பெருமையாக ஒரு ஊர் நினைத்ததால் நடந்தது இது.

நம்மிடம் என்ன குறைச்சல்? காங்கயத்திலிருந்து தாராபுரம், மூலனூர் வரை கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேலா மரம், அதன் நிழலில் காங்கயம் மாடு படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கும். மேய்க்க ஆள் வேண்டாம், படலைச் சாத்தினால் போதும், வேலி பார்த்துக்கொள்ளும். அந்தக் கொறங்காடுகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் ஆடி மாதம் ஓட்டிப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று தார் ரோட்டில் ஆளைத் தள்ளும். காற்றாலைகள் வேகு வேகென்று சுற்றும். இட்டேரிக்குள் திரும்பினால் சட்டென்று அடங்கிவிடும். இரண்டு பக்கமும் ஆள் உயர வேலி. உங்கள் மூச்சுச் சத்தமும் டயருக்கடியில் சரளை நொறுங்குவதும் மட்டும் கேட்கும். முன்னால் ஒரு கௌதாரிக் கூட்டம் குடுகுடுவென்று ஓடும். கீரி ஒன்று குறுக்கே போய், வேலிக்குள் நுழைவதற்கு முன்னால் நின்று திரும்பிப் பார்க்கும். வேலியை வழித்த பிறகு இதெல்லாம் எங்கே போகும்?

வாய்க்கால் கரை இன்னொரு சுகம். கீழ்பவானி வாய்க்கால் 200 கிலோமீட்டர், இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கர் பாசனம். நில மட்டத்தை ஒட்டியே வெட்டியது என்பதால் வளைந்து வளைந்து போகும், ஆனால் ஏற்றமே இருக்காது. அறச்சலூர் பக்கம் தண்ணீர் ஓடுகிற நாளில் ஓட்டினால், தண்ணீரும் நாமும் ஒரே வேகத்தில் கூடப் போகிற மாதிரி இருக்கும். 1283இல் முடிந்ததாகச் சொல்லப்படும் காலிங்கராயன் வாய்க்காலும் இப்படித்தான் நெளியும். பாம்பு போன தடத்தில் வெட்டினார்கள் என்று கதை சொல்வார்கள்.

திராட்சை பார்க்க மேற்கே போக வேண்டும். தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் பன்னீர்த் திராட்சை. கியான்டியில் கொடியை வரிசையாக வேலி மாதிரி நிறுத்துகிறார்கள். இங்கே கல்தூண் நட்டுக் கம்பி கட்டிப் பந்தல். குனிந்து உள்ளே போனால் தலைக்கு மேலே குலை குலையாய்த் தொங்கும், பின்னால் வெள்ளியங்கிரி மலை. நான் முதலில் போனபோது பார்த்த பந்தல்கள் சில இப்போது பாக்குத் தோப்பாகிவிட்டன. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது யானை நடமாடுகிற பூமி. நான் பொழுது நன்றாக ஏறுவதற்கு முன் அங்கே ஓட்டுவதில்லை, மாலை ஐந்துக்கு மேல் நிற்பதில்லை. தோட்டத்து ஆட்களிடம் "ராத்திரி வந்துச்சுங்களா?" என்று கேட்காமல் ஒரு தடத்திலும் திரும்புவதில்லை. வனத்துறை எல்லைக்குள் அனுமதியில்லாமல் சைக்கிளை விடுவது சாகசம் இல்லை, தப்பு. அது யானையின் வீடு.

இனி ஜேசிபி விஷயம். அன்றைக்கே எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் போய்ப் புலம்பினேன். ஐந்து மாடு வைத்திருக்கிறார். அவர் சொன்னது அப்படியே:

"ஏங்கண்ணு, நீ வாரத்துல ஒருநாளு வந்து ஓட்டிப்போட்டுப் போயிருவ. ஐப்பசி மழையில பால் கேனக் கட்டிட்டு இந்தச் சேத்துல தெனமும் ரெண்டு வாட்டி போறவன் நானு. வண்டியோட உளுந்து கேன் கவுந்து அன்னிக்குப் பாலே போச்சு. எனக்கு ரோடு வேண்டாம்னு சொல்றியா?"

"இல்லீங்க மாமா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. குடியிருப்புக்குப் போகிற தடத்துக்குத் தார் போட வேண்டும். ஆம்புலன்ஸ் வந்தாக வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் இந்த இட்டேரியில் வீடு ஒன்றுகூட இல்லை, காடுகள்தான். மாமா கேட்டது சேறு இல்லாத தடம். சேறு வருவது தண்ணீர் போக வழியில்லாததால். நடுவை மேடாக்கி, நல்ல கிராவல் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கி, ஓரத்தில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் எடுத்து, பள்ளம் (மழைத்தண்ணீர் ஓடுகிற ஓடை) குறுக்கிடும் இடத்தில் இரண்டு குழாய் பதித்தால் பால் வண்டி ஐப்பசியிலும் போகும். வேலியில் ஒரு கிளுவையைக்கூடத் தொட வேண்டியதில்லை.

தார் வந்தால் பால் வண்டி மட்டுமா வரும்? பக்கத்து ஊரில் கண்ணால் பார்த்தேன். முதல் வருசம் ரோடு. அடுத்த வருசம் டிப்பர் லாரிகளுக்கு அது குறுக்குவழி. மூன்றாம் வருசம் கொறங்காட்டில் கல் நட்டு 'சைட் விற்பனைக்கு' போர்டு. வேலி போய்க் கம்பி வந்தது. 11ஆம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் அந்த இட்டேரி வழியாகப் பேசிச் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இப்போது பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். லாரி ஓடுகிற ரோட்டில் பெண்ணைச் சைக்கிளில் விட எந்த அம்மாவுக்கு மனசு வரும்?

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரனுக்காக இதைக் கேட்கவில்லை. நடக்கிறவர், மாடு ஓட்டுகிறவர், பள்ளிக்கூடப் பிள்ளை, பால் வண்டி என்று மெதுவாகப் போகிறவர்களுக்கென்று ஊரில் ஒரு தடம் மிச்சம் இருக்க வேண்டும் என்கிறேன். அது ஏற்கெனவே இருக்கிறது. நிலப்படத்திலேயே பாதையாக இருக்கிறது. புதிதாக எதுவும் கட்ட வேண்டாம்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். மூன்றே கோரிக்கை: வீடில்லாத இட்டேரிகளுக்குத் தாருக்குப் பதில் கிராவலும் வடிகாலும், வேலியை வெட்டத் தடை, வழித்த நூறு அடிக்கு மழைக்கு முன்னால் கிளுவைப் போத்து (நட்டால் துளிர்க்கிற கிளை) நட அனுமதி. நேற்று சாயங்காலம் மாமாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை தானும் படித்தார். பள்ளத்துக்குக் குழாய் இரண்டு பத்தாது, மூன்று என்று எழுதச் சொன்னார். திருத்திக் கொடுத்ததும் கையெழுத்துப் போட்டார். கிளுவைப் போத்து அவர் காட்டு வேலியிலேயே வெட்டிக்கொள்ளலாமாம்.