காய்ந்த மிலாறு

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்கள் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) மண்சரிவில் மண்ணுக்குள் போன 2014 ஒக்டோபர் 29க்குப் பிறகு எனக்கும் மாரியம்மனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. திருவிழா வரியை மட்டும் தவறாமல் கட்டிவிடுவேன், ஊர் வாய்க்குப் பயந்து. அதனால் இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

2025 நவம்பர் இறுதி, டித்வா புயல். பதுளைப் பக்கத்தில் நான் படிப்பிக்கும் தோட்டத்தில் மின்சாரம் இல்லை, பாதையும் அறுந்துவிட்டது. மலையில் சத்தம் கேட்டதும் பணிய (கீழ்) லயத்துச் சனம் பாடசாலைக்கு ஓடி வந்தது. அடையாள அட்டை, தோடு, பிள்ளையின் சான்றிதழ் என்று ஆளுக்கொன்று கையில். நான் மடிக்கணினியோடு ஓடிவந்தவன். அறுபதை நெருங்கும் ஓர் அம்மாயி மட்டும் கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்கில் எதையோ சுற்றித் தலையில் வைத்திருந்தார். மாற்றுச் சேலையாக்கும் என்று நினைத்தேன். அவிழ்த்தால் மிலாறு! செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கிக் காயவைத்த தேயிலைக் குச்சிகள். உடுத்திருந்த சேலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, விறகு நனையவில்லை.

"விறகையா கொண்டுவந்தீர்கள்?" என்றேன்.

"ஈர விறகு எரியுமா சேர்? இத்தனை பிள்ளைகள் வரும் என்று தெரியாதா?" கேட்கக்கூடாததை நான் கேட்டுவிட்டதுபோல் பார்த்தார்.

யாரோ கொண்டுவந்த கோதுமை மாவு, உப்பு. தேங்காய்ப்பூ கிடையாது. நான் தலைகளை எண்ணிச் சொன்னேன். அம்மாயி உருட்டி வைத்ததில் ஏழு உருண்டை கூடுதல்.

"மேட்டு லயத்து ஆட்கள் இன்னும் இறங்கவில்லையே."

பீலியில் (ஊற்றுக் குழாயில்) தண்ணீர் பிடிக்கும் சண்டையில் இரண்டு வருடமாக அவரும் மேட்டு லயத்தாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தோட்டத்துக்கே தெரிந்த கதை.

'ஏழைகளிடம்தான் மனிதம் வாழ்கிறது' என்று இணையத்தில் படம் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மாயியின் அன்றைய நாட்சம்பளம் 1,350 ரூபாய். வெள்ளைக்காரன் காலத்து லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா அறையில் குடும்பமே படுக்கிறது. அவருடைய மனதைப் புகழ ஆயிரம் பேர் வருவார்கள். மண் சரியாத இடத்தில் ஒரு துண்டுக் காணி என்றால் அத்தனை பேரும் ஊமை. புகழ்ச்சியில் ரொட்டி சுடமுடியாது.

நடுச்சாமம் தாண்டி மேட்டு லயத்தார் வந்தார்கள், ஒரு கைக்குழந்தையோடு. அம்மாயி வாயே திறக்கவில்லை. ரொட்டியையும் சாயத் தண்ணீர் என்கிற வெறுந்தேநீரையும் அவர்கள் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர்களும் பேசவில்லை, சாப்பிட்டார்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்; பீலிச் சண்டை இன்றைக்கும் இருக்கிறது.

அங்கே தெய்வத்தைக் கண்டேன் என்று நான் சொல்லமாட்டேன். சிறுவயதில் கவ்வாத்துச் சாமிக்குப் பொங்கல் வைக்கும் இடத்தில் அப்பா அதட்டுவார், செருப்பைக் கழற்றடா என்று. அன்றிரவு அம்மாயியின் அடுப்படிக்குக் கிட்டப் போனபோது நான் கழற்றியிருந்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. சிமெந்துத் தரை ஐஸ் போலக் குளிர்ந்தது.

"வெறுங்காலோடு நிற்காதீர்கள் சேர், சளி பிடிக்கும்" என்று அதட்டிவிட்டு, மிச்ச மாவை என் பக்கம் தள்ளினார் அம்மாயி. "சும்மாதானே நிற்கிறீர்கள், பிசையுங்கள்."