யேல் '3%' ஆய்வு நடக்கவே இல்லை
1953-ல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதிவைத்த 3% மாணவர்கள், 20 வருடம் கழித்து மீதி 97% பேரும் சேர்த்த மொத்தச் சொத்தைவிட அதிகம் சேர்த்துவிட்டார்கள் என்று பலரும் பகிரும் கதை தவறு. அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை என்று யேல் தரப்பே சொல்லிவிட்டது. (மேடைப் பேச்சாளர்கள்தான் விடுவதாயில்லை!)

எழுதுவதில் பயன் உண்டு, ஆனால் எதை எழுதுகிறோம் என்பதுதான் விஷயம். 'டேட்டா அனலிஸ்ட் ஆவேன்' என்பது வெறும் ஆசை. 'திங்கள், வியாழன் இரவு சாப்பிட்டதும், 8:30-க்கு எஸ்க்யூஎல்லில் (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் கணினி மொழி) 5 கணக்கு போடுவேன்' என்று நேரத்தையும் செயலையும் முடிச்சுப் போட வேண்டும். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் ஆதரிப்பது இதைத்தான். கூடவே, எதைத் தள்ளிப்போட்டோம் என்று அன்றன்றே ஒரு வரி குறியுங்கள். மூன்று வாரமும் அதே எஸ்க்யூஎல்தான் தள்ளிப்போகிறதா? முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் தள்ளிப்போனால் இலக்கையே சந்தேகப்படலாம்.