ஃபோர்சித்தோட பியாஃப்ரா நாட்களையும் எழுதுங்க
ஆங்கில நாவலாசிரியர் ஃப்ரெடரிக் ஃபோர்சித் பத்தின இந்தக் கட்டுரைல 35 நாள்ல நாவல் எழுதினார்ங்கறதையே பெருசா சொல்லிட்டு நைஜீரியால இருந்து பிரிஞ்சு தனி நாடுன்னு அறிவிச்சுக்கிட்ட பியாஃப்ராவ ஒரே வரில தாண்டிட்டீங்களே, அதுதாங்க அவர் வாழ்க்கைலயே முக்கியமான இடம். 1967ல பிபிசி நிருபரா நைஜீரியா உள்நாட்டுப் போருக்குப் போனவரு, பிரிட்டிஷ் அரசாங்கம் சொல்றத அப்படியே ஒப்பிக்க மனசில்லாம வேலைய விட்டுட்டு தனியா திரும்ப அங்கயே போயி குழந்தைங்க பட்டினில சாகறத எழுதினாரு. கைல காசில்லாம 1970 ஜனவரில உக்காந்து எழுதினதுதான் 'தி டே ஆஃப் தி ஜாக்கால்'. பிரெஞ்சு அதிபர் டி காலைக் கொல்ல ஒரு கூலிக் கொலையாளி போடற திட்டம்தான் கதை. டி கால் கொல்லப்படலன்னு ஊருக்கே தெரியும், அப்புறம் யார் படிப்பான்னு பதிப்பாளருங்க திருப்பி அனுப்பிட்டாங்க. ஆனா அந்தக் கொலையாளி எப்படி நெருங்கறான், எங்க கோட்டை விடறான்ங்கறதுதான நம்மள இழுக்குது! சின்ன வயசுல செத்துப்போன குழந்தையோட பேர கல்லறைல தேடிப் புடிச்சு, பிறப்புச் சான்றிதழ் வாங்கி, அதை வச்சு பாஸ்போர்ட் எடுக்கற அந்தப் பக்கங்கள் எத்தன வாட்டி படிச்சாலும் எனக்கு சலிக்காது. ரிப்போர்ட்டரா தெருத்தெருவா அலைஞ்சவராலதான் அப்படி எழுத முடியும். 2015ல வந்த அவரோட சுயசரிதைல பியாஃப்ரா பத்தி நெறைய இருக்கு, தயவுசெஞ்சு அதை வச்சு இன்னொரு கட்டுரை போடுங்க சார்.