காசு கொடுத்தாலும் தராத கடை

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. கடிதத்தைக் கமராவில் காட்டினால் தமிழில் வாசித்துச் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறதென்று கனடாவிலிருந்து அக்கா இணைப்பு அனுப்பினார். விலை கொடுத்து வாங்கத்தான் இருந்தேன். கல்லடி வீட்டு முற்றத்தில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் மாமரத்தடியில் நின்று திறந்தால், ‘உங்கள் நாட்டில் இது கிடைக்காது’ என்று ஒரே வரி. காரணமும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. கூகுள் பிளே செயலிக் கடையில் தேடினால் பெயரே வரவில்லை.

அந்தக் கடைக் கணக்கின் நாட்டை மாற்றலாம்தான். அதற்கு அந்த நாட்டில் இருக்க வேண்டும், அந்த நாட்டுக் கட்டண அட்டையும் வேண்டும். மட்டக்களப்பில் இருக்கும் நான் கனடா அட்டைக்கு எங்கே போவேன்?

இந்தத் தடை கள்ளப் பிரதியைத் தடுக்கவென்றால் ஒப்புக்கொள்வேன். உழைத்துச் செய்தவனுக்குக் கூலி போகத்தான் வேண்டும். வாங்கியவர்தானா என்று சரிபார்க்கும் உரிம முறை ஆண்ட்ராய்டுக்கு 2010இலேயே வந்துவிட்டது. அது திருடனுக்குப் போட்ட பூட்டு. நாட்டைப் பார்த்துப் போடும் பூட்டோ காசோடு வந்தவனை வாசலிலேயே மறிக்கிறது. போன் திருத்தும் கடைப் பையன், “கொப்பி இருக்கிறது அண்ணா, இப்போதே ஏற்றித் தருகிறேன்” என்கிறான். வேண்டாமென்று வந்துவிட்டேன். அம்மாவின் வங்கிக் கடிதங்களைப் பார்க்கப்போகும் செயலி அது. உள்ளே யார் எதைக் கலந்து வைத்தார்களோ!

நேற்று ஓய்வூதியக் கடிதம் வந்தது. அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பூதக்கண்ணாடியை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டிருக்கிறார்.