வாரத்துக்கு ஒரு பீரியட்

"சின்னப் பிள்ளைகள்தானே, எந்த மொழியையும் கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொள்வார்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். ஜப்பானில் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டு வருடம் துணை ஆங்கில ஆசிரியனாக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

2020 முதல் அங்கே மூன்றாம் வகுப்பிலேயே கட்டாயமாக ஆங்கிலம். வருடத்துக்கு 35 பீரியட், ஒவ்வொன்றும் 45 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் 26 மணி நேரம் சொச்சம். வெளிநாட்டில் குடியேறிய குழந்தை விளையாட்டிலேயே அந்த ஊர்ப் பேச்சைப் பிடித்துவிடுகிறது, சரி. அதற்கு நாள் முழுக்க அது காதில் விழ வேண்டுமே! பார்சிலோனாவில் நடந்த ஆய்வில், ஒரே அளவு மணி நேரம் படித்தபோது 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களைவிட 11 வயதில் தொடங்கியவர்களே முன்னே நின்றார்கள்.

அப்படியானால் சின்ன வகுப்பில் ஆங்கிலமே வேண்டாமா? வேண்டும், காதுக்காக. வாயைத் திருத்துவதற்காக அல்ல. இது எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது.

பால் படத்தைக் காட்டினால் மொத்த வகுப்பும் "மிருக்கு" என்னும். அவர்கள் மொழியில் லகரமும் ரகரமும் ஒன்றுதான். மெய்யில் முடியும் சொல்லுக்கு ஒரு வாலும் ஒட்டிக்கொள்ளும். (நாம் மட்டும் என்ன, "பஸ்ஸு" என்றுதானே சொல்கிறோம்.) ல, ள, ழ மூன்றோடும் வளர்ந்த மிதப்பில் ஒவ்வொருவராக எழுப்பித் திருத்தினேன். ஐந்தாவது தடவையும் நான் "இல்லை" என்றதும் கடைசி வரிசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் மூன்று வாரம் என் வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லை.

வகுப்பாசிரியைக்கு ஆங்கிலம் அரைகுறைதான். ஆனால் பிள்ளைகளைத் தெரியும். ஒரு நாள் மேசைகளை ஓரம் தள்ளினார். நான் "லைட்" என்றால் ஜன்னல் பக்கம் ஓட வேண்டும், "ரைட்" என்றால் கதவுப் பக்கம். அவரும் கூடவே ஓடினார், பாதி தடவை தப்பான பக்கம். ஒரே சிரிப்பு. அந்தப் பெண் மட்டும் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஜன்னல் பக்கம் போன டீச்சரின் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

ஐந்தாம் வகுப்பு வந்தால் 70 பீரியட், மதிப்பீடு எல்லாம் வந்துவிடும். அதற்குள் என்ன அவசரம்?

நான் கிளம்பும் வரை அவளுக்குப் பால் "மிருக்கு"தான். நானும் திருத்தவில்லை.