பூவையும் காரையும் காட்டிப் பொதுச் சுகாதாரம் கற்றுத்தராதீர்கள்

பல்கலைக்கழகங்களில் புள்ளியியல் பயிலரங்கு என்ற பெயரில் நடப்பதைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்து எழுதுகிறேன். அழைப்பிதழில் 'பொதுச் சுகாதார ஆய்வாளர்களுக்கான தரவுப் பகுப்பாய்வு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். காசநோய், நீரிழிவு, குழந்தைகளின் ஊட்டச்சத்து என்று ஆளுக்கொரு ஆய்வைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள், விடுப்புப் போட்டுவிட்டு வந்து உட்காருகிறார்கள். புரொஜெக்டரைப் போட்டதும் திரையில் வருவது என்ன? பூ. ஐரிஸ் பூ.

எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர் சேகரித்து, புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் தன் கட்டுரையில் பயன்படுத்திய 150 பூக்களின் அளவுகள். மூன்று வகை, வகைக்கு 50, பூவுக்கு நான்கு அளவு. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அது முடிந்ததும் கார் வரும். 1974-இல் அமெரிக்க மோட்டார் பத்திரிகை ஒன்றில் வந்த 32 கார்களின் மைலேஜ் விவரம். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) மென்பொருளை நிறுவினால் இரண்டும் கூடவே வந்துவிடும் என்பதால் பயிற்சியாளருக்கு வேலை மிச்சம். அவர் ஒரு வரி தட்டுவார், நாமும் அதையே தட்டுவோம், வரைபடம் வந்துவிடும். மறுநாள் தன் சொந்த டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆய்வு மாணவர் திருதிருவென முழிப்பார்.

பூவுக்கு மறதி கிடையாது. பூ வெட்கப்பட்டுப் பதிலை மாற்றிச் சொல்லாது. மனிதர்களிடம் வாங்கும் தகவல் அப்படி இல்லை என்பதைச் சொல்லிக்கொடுக்கத்தானே ஐயா பயிலரங்கு? ரத்த அழுத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கையால் பம்ப் அடித்து, முள்ளைப் பார்த்து எழுதிய படிவங்களைப் புரட்டினால் 120, 130, 140 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களாகக் குவிந்து கிடக்கும். யாருடைய ரத்த அழுத்தமும் பத்துப் பத்தாக ஏறி இறங்குவதில்லை. அளந்தவர் பக்கத்திலிருக்கும் பூஜ்யத்தில் முடியும் எண்ணுக்குத் தள்ளி எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். 140-ஐத் தொட்டால் உயர் ரத்த அழுத்தம் என்று வைத்துக் கணக்குப் போடும்போது, 137-ம் 138-ம் 140 ஆகிப்போயிருந்தால் எத்தனை பேர் சும்மா இருந்த இடத்திலேயே நோயாளி ஆகிவிடுவார்கள்! வயதும் அப்படித்தான். 40, 45, 50 வயதில் கூட்டம் நெரியும். 41-லும் 47-லும் ஆளே இருக்காது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சூத்திரம் எதுவும் வேண்டாம். கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதும். இந்த ஒரு வேலையைச் சொல்லித்தந்த பயிலரங்கு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அடுத்தது 99. பதில் சொல்ல மறுத்தவர்களுக்கு 99 என்று குறியீடு போடுவது கேள்விப்படிவங்களில் வழக்கம். தினமும் எத்தனை சிகரெட் பிடிக்கிறீர்கள் என்று 200 பேரிடம் கேட்கிறோம் என்று வையுங்கள். 190 பேரின் சராசரி 4. பத்துப் பேர் பதில் சொல்லவில்லை, அவர்களுக்கு 99. அதைக் கவனிக்காமல் சராசரி எடுத்தால் மென்பொருள் 8.75 என்று கூசாமல் சொல்லும். இரண்டு மடங்குக்கும் மேல்! எந்த எச்சரிக்கையும் வராது. 8.75 என்பது நம்ப முடியாத எண்ணும் இல்லை. அப்படியே அட்டவணைக்குப் போகும், அட்டவணையிலிருந்து கட்டுரைக்குப் போகும், கட்டுரையிலிருந்து யாரோ ஒருவரின் திட்ட அறிக்கைக்குப் போகும். ஒரு பயிலரங்கில் ஒரு பெண் இதைத்தான் கேட்டார்: "சார், இந்த 99-ஐ என்ன செய்வது?" "அது டேட்டா கிளீனிங்மா, இன்றைக்கு அது தலைப்பு இல்லை" என்றார் பயிற்சியாளர். எனக்கு ரத்தம் கொதித்தது. பிறகு எதுதான் தலைப்பு? ஆய்வு செய்கிறவரின் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்கிற வேலையே அதுதானே!

பொதுச் சுகாதாரச் சொற்பொழிவுகளில் இன்னொரு சடங்கு உண்டு. மருத்துவர் ஜான் ஸ்னோவின் லண்டன் காலரா வரைபடம். 1854, பிராட் தெரு, அடிபம்பைச் சுற்றி, சாவுகளைக் குறிக்கும் கறுப்புக் கோடுகள். "பாருங்கள், டேட்டாவின் சக்தி!" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள். அந்த மனிதர் உண்மையில் என்ன செய்தார் என்று ஒரு நிமிடம் சொன்னால் என்ன?

ஸ்னோ முதலில் இறப்புப் பதிவேட்டிலிருந்து மூன்று நாட்களில் நேர்ந்த 83 சாவுகளின் விவரத்தை வாங்கினார். கிட்டத்தட்ட எல்லாமே பிராட் தெரு பம்புக்கு அருகில். ஆனால் பத்துப் பேரின் வீடு வேறொரு பம்புக்குத்தான் பக்கம். அவர் அந்தப் பத்தைத் தூக்கி எறியவில்லை. போய் விசாரித்தார். ஐந்து குடும்பங்கள், நாங்கள் எப்போதும் பிராட் தெருவுக்கு ஆள் அனுப்பித்தான் தண்ணீர் எடுப்போம் என்றன. மூவர் குழந்தைகள், அவர்கள் படித்த பள்ளி அந்தப் பம்புக்கு அருகில் இருந்தது. இந்தப் பக்கம், பம்புக்கு அருகிலேயே இருந்த ஏழைகள் இல்லத்தில் 535 பேர் இருந்தும் காலராவுக்குப் பலியானவர்கள் ஐந்தே பேர். ஏன்? உள்ளேயே தனிக் கிணறு. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு பெண்மணி இறந்திருந்தார். விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீரின் ருசி பிடித்துப்போய் அதைப் பாட்டிலில் வரவழைத்துக் குடித்தவர் அவர். இதுதான் ஆய்வு! கணக்கில் அடங்காதவர்களின் வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டியது. நம் பயிலரங்கில் என்ன சொல்லித்தருகிறார்கள்? கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் புள்ளி தெரிந்தால் ஒரு கிளிக்கில் நீக்கிவிடுங்கள், கோடு அழகாக வரும் என்று. ஹாம்ப்ஸ்டெட் பெண்மணி இவர்கள் கையில் கிடைத்திருந்தால் முதல் வேலையாக அவரை நீக்கியிருப்பார்கள்.

பி மதிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் அடங்காது. உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும், கிடைத்த அளவுக்கோ அதற்கு மேலோ வேறுபாடு தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது. 0.05 என்பது ஃபிஷர் 1925-இல் வசதியான எல்லை என்று சொல்லிவைத்த எண். பி மதிப்பு அதற்குக் கீழே வந்துவிட்டால் உண்மை, வராவிட்டால் குப்பை என்று இன்றும் மேடையில் நின்று கற்பிக்கிறார்கள். ஒரு கருதுகோள் உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை பி மதிப்பு சொல்லாது. ஓர் எல்லையைத் தாண்டியதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-இல் இதை வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அதைப் படித்துவிட்டு வருவதற்கு என்ன தடை? "முடிவு சிக்னிஃபிகன்ட்டாக வரவில்லை மேடம்" என்று, அதாவது பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரவில்லை என்று, ஒரு மாணவர் சொன்னபோது கிடைத்த பதிலைக் கேளுங்கள். "ஆண் பெண் என்று பிரித்துப் பாருங்கள், வயதுவாரியாகப் பாருங்கள், எதிலாவது வரும்." வரும், நிச்சயமாக வரும்! ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை நடத்தினால், எதிலுமே உண்மையான வேறுபாடு இல்லாவிட்டாலும், ஒன்றிலாவது 0.05-க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இது பள்ளிக்கூடக் கணக்கு. 0.95-ஐ இருபது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழியுங்கள். அந்த மாணவர் அன்று கற்றுக்கொண்டு போனது ஏமாற்று வேலை. அதை ஏமாற்று வேலை என்று தெரியாமலேயே கற்றுக்கொண்டு போனார் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இதெல்லாம் அடிப்படை, தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறோம் என்பார்கள். 2020-இல் இங்கிலாந்தில் என்ன நடந்தது? செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றுகள் தினசரிக் கணக்கில் ஏறாமல் விட்டுப்போயின. காரணம், பழைய எக்ஸெல் வடிவக் கோப்பு 65,536 வரிசைகளுக்கு மேல் தாங்காது. அந்த நோயாளிகளோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அத்தனை நாள் தள்ளிப்போனது. இறக்கிய கோப்பில் எத்தனை வரிசை, ஏற்றிய கோப்பில் எத்தனை வரிசை என்று ஒப்பிடுங்கள் என்று எந்தப் பயிலரங்கில் சொல்கிறார்கள்?

சொற்பொழிவுகளோ இன்னும் மோசம். பேச்சாளரின் பதவிகளைப் படிக்கவே பாதி நேரம் போகும். ஒரு ஸ்லைடில் நாற்பது எண்கள், கடைசி வரிசைக்கு ஒன்றும் தெரியாது. அப்புறம் கேள்வி நேரம் வந்ததும் "நேரமாகிவிட்டது, இரண்டே கேள்வி" என்று மைக்கைப் பிடுங்குவார்கள். தொலைவிலிருந்து வந்தவர் அந்த ஒரு கேள்விக்காகத்தான் வந்திருப்பார்.

இந்த அலட்சியத்துக்கு விலை கொடுப்பது நாம் இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்குக் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, தன் நோயையும் கர்ப்பத்தையும் இழந்த குழந்தையையும் பற்றிச் சொன்ன மனிதர்கள்தான். தாங்கள் சொன்னதை ஒழுங்காக எண்ணுவார்கள் என்று நம்பித்தான் அவர்கள் சொன்னார்கள்.

ஆகவே ஏற்பாட்டாளர்களே, அடுத்த முறை பெயர், முகவரி நீக்கிய உண்மையான படிவங்களைக் கொண்டுவாருங்கள். காலியான கட்டங்களும் 99-களும் அடித்துத் திருத்திய எண்களும் அதில் அப்படியே இருக்கட்டும். முதல் நாள் முழுக்கக் கணினியைத் திறக்காமல், கேள்வியை எப்படிக் கேட்பது, யாரைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை பேர் வேண்டும் என்று மட்டும் பேசுங்கள். வெயிலில் வீடு வீடாக நடந்து அந்தப் படிவங்களை நிரப்பிய களப்பணியாளர்களில் இருவரை மேடைக்கு அழைத்து, எந்தக் கேள்விக்கு மக்கள் தயங்கினார்கள், எந்தப் பதிலை இவர்களே ஊகித்து எழுத நேர்ந்தது என்று கேளுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை யாரும் மைக்கைப் பிடுங்காதீர்கள்.